மிதிவெடியைப் பக்கவாட்டில் அணுகுதல்

இலங்கையின் வடக்கே முகமாலையில், மிதிவெடி அகற்றுபவர்களுக்கு உலோகம் கண்டறியும் கருவி பெரிதாகக் கைகொடுக்காது. உள்நாட்டுப் போரில் ஆண்டுக்கணக்கில் முன்னரங்காகக் கிடந்த நிலம் அது. ஷெல் துண்டோ சன்னக் கோதோ இல்லாத ஒரு சாண் மண் கிடைப்பது அரிது. கருவி கத்திக்கொண்டே இருக்கும். தேடுவதோ பி4 மாதிரி, ஏறக்குறைய முழுக்கப் பிளாஸ்டிக்காலான மிதிவெடியை. வடக்கில் பல தளங்களில் றேக்கால், அதாவது பற்கள் கொண்ட வாரியால், மண்ணை வாருவது இதனால்தான்.

நீளப்பிடி றேக் இரண்டு வேண்டும். கனமானது இறுகிய மண்ணை நெகிழ்த்த, மெல்லியது நெகிழ்ந்ததை இழுக்க. பாதுகாப்பான பக்கத்தில், தேட வேண்டிய ஆழத்துக்கு முதலில் ஒரு குழி. பிறகு அதன் சுவரைக் கீழிருந்து மேலாக நெகிழ்த்தி மண்ணைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். அழுத்தத் தட்டு மேலே இருப்பதால், பக்கவாட்டில் வருபவருக்கு வெடியின் உடம்புதான் தட்டுப்படும். மண் இறுகியிருந்தால் தண்ணீர் ஊற்றி ஊறவிடுவார்கள். பொறுமையில்லாமல் மேலிருந்து கொத்தினால் கதை முடிந்தது. பனைவேரோ வெள்ளமோ வெடியைச் சரித்திருந்தால் பக்கமென்று நினைத்தது மேல்பக்கமாகிவிடும். முகக்கவசம் அதற்குத்தான். வெயிலில் அது வியர்த்து மங்கும்போது கை தானாக அதை உயர்த்தப் போகும், அதையும் கண்காணிக்க வேண்டும்.

வரிசையாகப் புதைத்த இடத்தில் இடைவெளி ஓரளவு சீராக இருக்கும். ஒன்று குறைந்தால் கணக்கு உதைக்கும். மாடு மிதித்ததா, மழை அரித்துக்கொண்டு போனதா, யாராவது கிளப்பி வேறிடத்தில் தாட்டார்களா? வெடித்த குழியோ உடைந்த துண்டோ கிடைக்காவிட்டால் தேடும் பரப்பை அகட்டத்தான் வேண்டும்.

நீதியான போர் பற்றிய வாதங்கள் அந்த வரிசையின் முன்னால் தடுமாறுகின்றன. படையாளையும் பொதுமகனையும் பிரித்தறி என்ற விதி, கொல்லும் கணத்தில் ஒருவர் தீர்மானிக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறது. மிதிவெடியில் அந்தத் தீர்மானம் புதைத்த அன்றே முடிந்துவிட்டது. மிச்சத்தை மிதிக்கும் கால் செய்கிறது. சமாதான ஆய்வாளர் யொஹான் கால்டுங் நேரடி வன்முறை நின்ற நிலையை எதிர்மறைச் சமாதானம் என்றார். போர் 2009 மே மாதம் முடிந்தது. ஆனால் இங்கே அந்தக் குறைந்தபட்சச் சமாதானம்கூட சதுர மீட்டர் சதுர மீட்டராகத்தான் வருகிறது.

1997-ல் ஒட்டாவாவில் கையெழுத்தான மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. 2025-ல் பின்லாந்து, போலந்து, மூன்று பால்டிக் நாடுகள் எல்லைப் பாதுகாப்பைச் சொல்லி அதிலிருந்து விலக முடிவெடுத்தன. நீண்ட எல்லையைச் சிறிய படையால் காக்க வேண்டியவர்களின் பயத்தை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் படைக்குக் கிடைக்கும் பயனையும் பொதுமக்களுக்கு நேரும் கேட்டையும் நிறுத்து அவர்கள் போடும் விகிதக் கணக்கு பெரும்பாலும் சண்டை ஓயும் நாளோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு றேக் பிடிப்பவரின் நாட்கூலி எந்தத் தளபதியின் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

நிலத்தைக் கையளிக்கும் பத்திரத்தில் பரப்பும் ஆழமும் எழுதியிருக்கும். காணிக்காரர் கேட்பது வேறு: கிணறு வெட்டலாமா? எந்த ஆழம் வரை தேடினோம் என்பதை மட்டுமே அவருக்குச் சொல்ல முடியும்.