நாவலுக்கு முன்னாடி ஒரு எக்செல் ஷீட்

பிளான் போட்டா கதையில உயிர் இருக்காதுன்னு சொல்றவங்க இங்க மலேசியாவுல பினாங்குல நெறைய பேரு, நாலு எழுத்தாளருங்க மாமாக் கடையில உக்காந்தா தே தாரிக் வர்றதுக்குள்ள யாராச்சும் ஒருத்தர் சொல்லிடுவாரு. பேய்க்கதைன்னா எனக்கும் ஓகேதான் லா. ஆனா நான் எழுதப்போறது 1969 தோட்டத்துக் கதை, அதுல யாரு எந்த வருஷம் எங்க பொறந்தாங்கன்றதுதான் கதையே.

கெடாவுல சுங்கைப்பட்டாணி பக்கம் ஒரு ரப்பர் தோட்டம், தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டிக் குடுத்த லயத்து வீடு ஒண்ணுல ஒரு அக்கா ஒரு தம்பி, அப்பா அம்மா இந்தியாவுல பொறந்தவங்க. தம்பிய 1958ல பொறக்க வச்சேன், 1957ல மலாயாவுக்குக் கெடச்ச சுதந்திரத்துக்கு அப்புறம்ங்கறதால அவனுக்கு குடியுரிமை தானா வந்துருது. அக்கா 1951, அவளுக்கு மனு போட்டுத்தான் வாங்கணும், எழுதப் படிக்கத் தெரியாத அப்பா அந்தப் பக்கமே போகல. இப்ப அக்கா கையில குடியுரிமை இல்லாதவங்களோட சிவப்பு ஐசி, அதாவது அடையாள அட்டை, நாளைக்கு குடிமக்களோட நீல ஐசி எடுக்கப்போற தம்பி பக்கத்துல. 1969ல குடியுரிமை இல்லாதவங்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம்னு ஆனப்ப பால் வெட்டிக்கிட்டு இருக்குற அவ நிலைமை என்னாகும்? இதே பொண்ண மூடா ஆத்துக்கு இந்தப் பக்கம் பினாங்கைச் சேர்ந்த செபராங் பிறையில பொறக்க வச்சிருந்தா எனக்கு நாவலே கிடையாது, பினாங்கு பழைய பிரிட்டிஷ் காலனி, அங்க பொறந்தவங்களுக்கு சட்டம் வேற.

ஷீட்ல வருஷம், வயசு, வெளிய என்ன நடக்குது, அது யாருக்கு எப்ப தெரிய வருது, இவ்ளோதான். கடைசியா சொன்னதுதான் முக்கியம். மே 13 செவ்வாய்க்கிழமை கோலாலம்பூர்ல கலவரம், ஆனா சாயங்காலம் தோட்டத்துல இருக்குறவளுக்கு அது எப்படித் தெரியும், கிராணி, அதான் தோட்டத்து கிளார்க், வீட்டு ரேடியோ வழியாவா, பட்டணம் போயிட்டு வந்த லோரிக்காரன் சொல்லியா? அத முடிவு பண்ணாம அந்த அத்தியாயத்துல ஒரு வரி எழுத முடியாது.

நேரமும் அப்படித்தான். அப்பாவும் அக்காவும் காலையில வீட்டுல சண்டை போடுறாங்கன்னு எழுத ஆசை, ஆனா விடியறதுக்கு முன்னாடியே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, வெயில் ஏறுனா பால் நின்னுடும், ரெண்டு பேரும் அந்நேரம் மரத்தடியிலதான் இருப்பாங்க. சரின்னு சண்டைய மழை நாளுக்கு மாத்துனேன், மழைன்னா வெட்டு இல்ல, கூலியும் போச்சு, சண்டைக்கு காரணமும் தன்னால கெடச்சிடுச்சு. இத நான் யோசிச்சு கண்டுபிடிக்கல, அந்தக் கட்டத்த நெரப்பும்போது வந்தது.

அப்புறம் பாலம். பினாங்கு பாலம் தொறந்தது 1985ல, அதனால 1969ல இந்தியாவுக்குக் கப்பல் ஏற பினாங்குத் தீவுக்குப் போறவங்க பட்டர்வொர்த் வந்து ஃபெரி ஏறியே ஆகணும், மொத்த குடும்பமும் டிரங்கு பெட்டியோட ஒரே படகுல, யாரும் எழுந்து எங்கயும் போக முடியாது. பேச வேண்டியத எல்லாம் அங்க பேச வச்சிடலாம், இந்த மாதிரி எடம் கெடைக்க எழுத்தாளன் தவம் கெடக்கணும்.

வசனம், யாரு அழுவாங்க, யாரு அழ மாட்டாங்க, அதெல்லாம் ஷீட்ல கிடையாது. அக்கா கப்பல் ஏறுவாளான்னும் நான் போடல. இந்தியாவுக்குப் போயிக்கிட்டிருந்த ராஜூலா கப்பல் 1973ல நின்னுபோச்சு, அதுக்குள்ள அவளே முடிவு பண்ணிக்கட்டும்.