ஹஸ்பண்டின் கம்பனி

மனிதவளப் பிரிவில் இருக்கும் ஒருத்தி கேட்கக் கூடாத கேள்வி அது என்று இன்னும் நான் நினைக்கவில்லை. பிள்ளையின் டேகெயார் காசில் பாதியைக் கம்பனி தருமா என்று கடிதத்தோடு வந்தவளிடம், "உங்கட ஹஸ்பண்ட் வேலை செய்யிற இடத்திலயும் கேட்டுப் பாருங்களன்" என்றேன்.

"ஆம்பள போய் இதக் கேட்டா சிரிப்பாங்க மிஸ்."

நான் சிரிக்கவில்லை. கடிதத்தை மேலே அனுப்பவும் இல்லை.

பிள்ளை இரண்டு பேருடையது. செலவு மட்டும் ஏன் தாயின் முதலாளி தலையில்? 84 நாள் பிரசவ லீவுச் சம்பளத்தையே இங்கே இலங்கையில் முதலாளிதான் முழுதாகக் கட்டுகிறார். அதனால்தான் இன்டர்வியூவில் "கலியாணம் எப்ப?" என்று சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். பக்கத்துக் கதிரையில் இருந்தே கேட்டிருக்கிறேன். டேகெயாரும் சேர்ந்தால் பெண்களின் விண்ணப்பங்கள் எந்தக் கூடைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். இந்தியாவில் 2017 சட்டத் திருத்தத்திலிருந்து 50 ஊழியர் இருந்தாலே பிள்ளைக் காப்பகம் வேண்டும்; ஆண்களையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். கெட்டித்தனம்தான். ஆனாலும் காசு முதலாளியுடையது.

ஓய்வுகாலச் சேமிப்பான ஈபிஎஃப்புக்கு ஊழியரின் 8 வீதம், கம்பனியின் 12 வீதம் என்று மாதாமாதம் அனுப்புவது எங்கள் பிரிவுதான். வயது போவது உன் சொந்தப் பிரச்சினை என்று அங்கே யாரும் சொல்வதில்லை. பிள்ளைக்கும் அப்படி ஒரு நிதி வைத்து, ஆண்களின் சம்பளத்திலும் பிடித்து, அரசும் ஒரு பங்கு போட்டால், யார் தாய் என்று எந்த முதலாளியும் பார்க்கத் தேவையில்லை.

இதையெல்லாம் அவளுக்கு விளக்கினேன், கொஞ்சம் நீளமாகவே. அவள் மலையகத்தில் ஹட்டன் பக்கம். "எங்கம்மா கொழுந்தெடுக்கப் போறப்ப என்னப் பிள்ளைக்காம்பராவுல விட்டுட்டுத்தான் போவாங்க. தோட்டத்துலயே இருந்துச்சு மிஸ்" என்றாள்.

தோட்டத்துக்குக் கொழுந்தெடுக்கக் கை வேண்டும், அதனால் வைத்தார்கள் என்று வாய்வரை வந்தது. நல்ல வேளை, சொல்லவில்லை. மாதக் கடைசியில் கணக்கு முடிக்க எங்களுக்கும் அவள் கைதானே வேண்டியிருக்கிறது.

ஒருத்திக்குக் கொடுத்தால் மற்றவர்களும் வருவார்கள் என்பது உண்மை. வந்தால் என்ன என்று கேட்பதற்கு எனக்கு அதிகாரம் இல்லை என்பதும் உண்மை. இரண்டில் எதன் பின்னால் ஒளிந்தேன் என்று தெரியவில்லை.

அவள் வேலையை விடவில்லை. அம்மாதான் தோட்ட வேலையை விட்டுவிட்டு கொழும்புக்குப் பக்கத்திலுள்ள வத்தளைக்கு வந்து பிள்ளையைப் பார்க்கிறாராம். நாட்சம்பளம் போச்சு, ஈபிஎஃப்பும் அதோடு நின்றது. கம்பனியோ அரசோ போடாத பங்கு அது.

அந்த டேகெயார் விஷயம் என்னவாயிற்று என்று மனேஜர் ஒருநாள் கேட்டார். "செட்டில் ஆகிட்டுது சேர்" என்றேன்.