பிளேட் சால்விங் தோற்றபோது நான் பார்க்கத் தவறிய எண்

படத்தில் நூற்றுக்கணக்கான விண்மீன்கள் கூர்மையாகத் தெரிந்தபோதும், தீர்வு கிடைக்கவில்லை என்றே பிளேட் சால்விங் மென்பொருள் (படத்திலுள்ள விண்மீன்களைக் கொண்டு தொலைநோக்கி வானில் எங்கே பார்க்கிறது என்று கண்டறிவது) மூன்று இரவுகள் தொடர்ந்து அறிவித்தது. எக்ஸ்போஷரை 2 விநாடியிலிருந்து 10 விநாடிக்கு உயர்த்தினேன், ஃபோகஸை மீண்டும் சரிசெய்தேன், விண்மீன் தரவுத்தளத்தை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினேன். எதுவும் பயன் தரவில்லை. 500 மி.மீ. குவியத் தொலைவுள்ள தொலைநோக்கியில் 0.8 ரெட்யூசரை (குவியத் தொலைவை 0.8 மடங்காகக் குறைக்கும் வில்லை) பொருத்திய பிறகும், மென்பொருளில் 500 என்ற பழைய எண்ணே இருந்ததுதான் காரணம்.

ஒரு பிக்சல் வானில் எத்தனை விகலையை (பாகையின் 3600-இல் ஒரு பங்கு) அடைக்கிறது என்பதை அறிய, மைக்ரானில் உள்ள பிக்சல் அளவை 206.265 ஆல் பெருக்கி, மி.மீ.யில் உள்ள குவியத் தொலைவால் வகுக்க வேண்டும். என் கேமராவின் 3.76 மைக்ரான் பிக்சலுக்கு 500 மி.மீ.யில் 1.55 விகலையும், 400 மி.மீ.யில் 1.94 விகலையும் வருகின்றன. அஸ்ட்ரோமெட்ரி.நெட் என்ற பிளேட் சால்விங் மென்பொருள் நான்கு நான்கு விண்மீன்களாக எடுத்து அவற்றின் வடிவத்தை ஒப்பிடுகிறது. வடிவம் அளவைப் பொறுத்து மாறாது என்றாலும், நாம் கொடுத்த அளவு வரம்புக்கு வெளியே அமையும் பொருத்தத்தை, அது சரியானதாகவே இருந்தாலும், ஏற்பதில்லை. 2×2 பின்னிங்கை (நான்கு பிக்சல்களை ஒன்றாகச் சேர்ப்பது) மாற்றிவிட்டு மறப்பவர்களுக்கும் இதுவே நேரும், ஏனெனில் அங்கே அளவு இரட்டிப்பாகிறது.

ஆகவே, தோற்ற படத்தைச் சேமித்து, அளவையோ இடத்தையோ குறிப்பிடாமல் ஒருமுறை தீர்க்கச் செய்து, கிடைக்கும் விகலை மதிப்பிலிருந்து உண்மையான குவியத் தொலைவைப் பின்னோக்கிக் கணக்கிடுவதே மிக நம்பகமான வழி என்பேன். சென்சாருக்கும் ரெட்யூசருக்கும் இடையிலான தூரம் மாறினால் 0.8 என்பதும் சற்றே மாறும் என்பதால், பெட்டியில் அச்சிட்ட எண்ணைவிட இந்த எண்ணே மேலானது.

அளவு சரியாக இருந்தும் தீர்வு வராவிட்டால் தொடக்க இடத்தைப் பார்க்க வேண்டும். தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டின் கடிகாரம் ஒரு மணி நேரம் பிழையாக இருந்தால், அது தரும் வல ஏற்றம் (வானின் கிழக்கு-மேற்கு ஆயத்தொலைவு) 15 பாகை விலகி, தேடலின் எல்லைக்கே வெளியே போய்விடக்கூடும்.

தீர்வு கிடைத்தும் இலக்கு நடுவுக்கு வராமல் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே தொலைவு விலகி நின்றால், அது வேறு சிக்கல். புவி அச்சு மெதுவாகத் திசை மாறுவதால் ஏற்படும் அயனச் சலனம் ஆண்டுக்குச் சுமார் 50 விகலை என்பதால், 2000ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட ஜே2000 ஆயத்தொலைவுகளுக்கும் இன்றைய ஆயத்தொலைவுகளுக்கும் இடையே 20 கலைக்கு (ஒரு கலை 60 விகலை) மேல் வேறுபாடு சேர்ந்துவிட்டது. மவுண்டும் மென்பொருளும் ஒரே முறையைப் பின்பற்றுகின்றனவா என்று அப்போது சரிபார்க்க வேண்டும்.