அப்பாவின் கண்ணில் ஐந்து தையல்

அப்பா கம்பி கட்டுகிறவர். திருப்புவனம் பக்கம் ஒரு வீட்டு வேலையில் பில்லருக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தபோது, முறுக்கிய கட்டுக்கம்பி தெறித்து வலது கண்ணில் அடித்துவிட்டது. தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லி மேஸ்திரி சத்தம் போட்டிருக்கிறார். கூட வேலை பார்த்த மாமாதான் அவரைத் தடுத்து, டீ குடிக்கிற பேப்பர் கப் ஒன்றைக் கண்ணுக்கு மேலே கவிழ்த்து வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டி, ஆட்டோவில் ஏற்றினார். கிழிந்த கண்ணில் எந்த அழுத்தமும் படக்கூடாது என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. அந்தக் கப்புக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஏனென்றால் வழியில் நிறுத்திய ஒரு கிளினிக்கில் அதுகூடத் தெரியாமல் கப்பை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து இறுக்கிக் கட்டி அனுப்பினார்கள். மதுரைக் கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதல் வேலையாக அந்தக் கட்டைப் பிரித்தார்.

கார்னியா, அதாவது கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கிற பகுதி, கிழிந்து உள்ளே கண்ணின் பாப்பாவைச் சுற்றி இருக்கிற திரை லேசாக வெளியே பிதுங்கியிருந்தது. டெட்டனஸ் வராமலிருக்க டி.டி. ஊசி போட்டார்கள். உள்ளே இரும்புத் துணுக்கு எதுவும் தங்கியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள். "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்று மூன்று பேர் மூன்று முறை கேட்டார்கள். கிழிந்த கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டால் உள்ளே அழுத்தம் ஏறுமாம்; அதனால் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். மதியம் சாப்பிட்டிருந்ததால் ராத்திரி வரை காத்திருந்தோம். பார்வை எந்த அளவுக்குத் திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்று எழுதியிருந்த தாளில் நான் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்து தையல். நைலான் நூல், பத்து-சைபர் அளவு. தலைமுடியைவிட மிக மெல்லியது. ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்குதான் கனம். கார்னியாவின் கனமே அரை மில்லிமீட்டர்தான். அதற்குள் ஊசி நுழைந்து, அடிப்பக்கம் துளைத்துவிடாமல் வெளியே வரவேண்டும். மறுநாள் மஞ்சள் சாயத்தைக் கண்ணில் விட்டு, நீல வெளிச்சத்தில் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார்கள். கசியவில்லை. அன்றைக்குத்தான் அம்மா ஒரு வாய் சாப்பிட்டாள்.

ஆபரேஷன் முடிந்தால் பெரிய பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பாரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. மூன்று சொட்டு மருந்து. கிருமிக்கு ஒன்று, விழித்திருக்கும் நேரம் முழுக்க மணிக்கு ஒரு முறை. வீக்கத்துக்கு ஸ்டீராய்டு, எட்டு முறை, ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிவிட்டு. கண்ணின் பாப்பாவை, அதாவது நடுவில் இருக்கிற கறுப்பு வட்டத்தை, விரித்து வைக்க ஒன்று, மூன்று முறை. காலை ஆறிலிருந்து ராத்திரி பத்து வரை கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 28 சொட்டு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிஷமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் முதல் மருந்தை இரண்டாவது மருந்து அடித்துக்கொண்டு போய்விடும்.

முதல் இரண்டு நாளும் பாதி மருந்து அப்பாவின் கன்னத்தில்தான் ஓடியது. பாட்டில் பக்கத்தில் வந்தாலே அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். தைத்த கண்ணை அப்படி இறுக்கக்கூடாது என்பதால் எனக்குக் கை நடுங்கும். ஆஸ்பத்திரி சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி படுக்க வைத்து, கீழ் இமையைக் கன்ன எலும்புப் பக்கமாக இழுத்து, அந்தச் சின்னப் பையில் ஒரே ஒரு சொட்டு விட்டு, மெதுவாக மூடச் சொல்லிப் பழகினோம். சிஸ்டர் இன்னொன்றும் சொன்னார்: கண்ணால் ஒரு சொட்டைக்கூட முழுசாகத் தாங்க முடியாது, மிச்சம் வழிந்தோ மூக்கு வழியாகவோ போய்விடும். அதனால் இரண்டு சொட்டு விட்டால் இரண்டு மடங்கு பலன் என்று நினைக்க வேண்டாம்.

எனக்கு எட்டு நாள்தான் லீவு கிடைத்தது. அதன் பிறகு அம்மாதான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. மணிக்கு ஒரு முறை விடுகிற பாட்டிலில் சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டேன். குலுக்க வேண்டியதில் வெள்ளை நூல் சுற்றினேன். மூன்றாவதை அப்படியே விட்டேன். தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு சொட்டுக்கும் அம்மா ஒரு புள்ளி வைப்பாள். அந்தத் தாள்களை இன்னும் வைத்திருக்கிறேன். எல்லா நாளும் புள்ளி முழுசாக இல்லை. தண்ணீர் வந்த நாட்களில் குழாயடியில் நின்ற நேரத்துக்குக் கட்டங்கள் காலியாக இருக்கின்றன. அதற்கு அவளை யார் குறை சொல்ல முடியும்?

ஆறாவது வாரம், சொட்டு எண்ணிக்கை குறைந்திருந்த நேரம், "மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது தாயி" என்றார் அப்பா. கண் சிவந்திருந்தது. தூசியாக இருக்கும் என்று இரண்டு நாள் விட்டுவிட்டோம். இதைப் படிக்கிற யாரும் அதைச் செய்யாதீர்கள். தைத்த கண் உறுத்தினால், சிவந்தால், வெளிச்சம் பட்டுக் கூசினால், பார்வை மங்கினால் அன்றைக்கே ஓடுங்கள். தையல் ஒன்று தளர்ந்து நுனி மேலே நீட்டிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். நூலைச் சுற்றிப் பீளை திரண்டிருந்தது. அதன் அடியில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. கிருமி ஏற ஆரம்பித்திருந்தது. மரத்துப்போகச் சொட்டு விட்டு அந்தத் தையலை எடுத்தார்கள், சுரண்டி லேபுக்கு அனுப்பினார்கள், மறுபடியும் அரை மணிக்கு ஒரு சொட்டு. அட்மிஷன். நான்காம் நாள் புள்ளி சுருங்க ஆரம்பித்தது.

அந்த நான்கு நாளில்தான் டாக்டரம்மாவிடம் மனசில் இருந்ததைக் கேட்டேன். மாத்திரையாகக் கொடுத்துவிட முடியாதா? கார்னியாவில் ரத்தக்குழாய் கிடையாது, விழுங்குகிற மருந்து அங்கே போதுமான அளவுக்குப் போய்ச் சேராது, அதனால்தான் அங்கே காயம் ஆறுவதும் மெதுவாக நடக்கிறது என்றார். அப்படியென்றால், மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கிற அந்த நூலிலேயே மருந்தை வைத்துவிட முடியாதா? "அதைத்தான்மா பண்ணிப் பாத்துட்டு இருக்காங்க" என்றார். வயிறு, தோல் மாதிரியான இடங்களுக்குக் கிருமிநாசினி பூசிய நூல் 2002லிருந்தே இருக்கிறது, கண்ணுக்குத்தான் கஷ்டம்.

பிறகு நானே தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் குனால் பரீக், ஜஸ்டின் ஹேன்ஸ், லாரா என்சைன் ஆகியோர் சேர்ந்த குழு 2021ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நூலுக்குள் மருந்தைக் கலந்தால் நூல் பலமிழந்து அறுந்துவிடுகிறது. பலம் வேண்டும் என்று தடிமனாக்கினால் கண்ணுக்கு ஆகாது. அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், லீவோஃப்ளாக்சசின் என்ற கிருமி மருந்து கலந்த நூற்றுக்கணக்கான நுண் இழைகளை இழுத்து, எல்லாவற்றையும் சேர்த்து முறுக்கி ஒரே நூலாக்கினார்கள். ஒற்றை நார் அறுந்துவிடும், முறுக்கினால் கயிறு, என்று எங்கள் ஊரில் கயிறு திரிப்பவர்களுக்குத் தெரிந்த அதே விஷயம்தான். எலிகளின் கண்ணில் தைத்துப் பார்த்ததில் 30 நாள் வரை மருந்து கண்ணில் இருந்திருக்கிறது. அந்த நூல் அப்பாவின் ஆபரேஷன் தியேட்டருக்கு வந்திருக்கவில்லை. வந்தாலும் தளர்ந்த தையலை எடுக்கத்தான் வேண்டும், ஸ்டீராய்டு சொட்டும் வேண்டும். ஆனால் 28ல், கிருமிக்கு மணிக்கொரு முறை விடுகிற அந்த 17 சொட்டு குறையும். குழாயடியில் நிற்கிற அம்மாவுக்கு அந்தப் பதினேழு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும்.

கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை ஏழைகளுக்கும் எட்டுகிற விலையில் கொடுக்க 1992ல் ஆரோலேப் என்ற நிறுவனம் தொடங்கியது எங்கள் மதுரையில்தான். கண் தைக்கிற நூலும் அங்கே தயாராகிறது. மருந்து நூலும் ஒரு நாள் அங்கிருந்து வரவேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

மீதி நான்கு தையலையும் இரண்டு தவணையாக எடுத்தார்கள். கடைசி நூல் வந்தது ஐந்தாம் மாதம். தையல் இழுத்த இடத்தில் கார்னியா வளைந்திருப்பதால் கண்ணாடி போட்டும் வலது கண்ணில் போர்டின் நான்காவது வரி வரைதான் படிக்கிறார். எடுத்த நூலைப் பார்க்கவேண்டும் என்று அப்பா கேட்டார். சிஸ்டர் பச்சைத் துணியில் வைத்து நீட்டினார். அவர் துணியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் ரொம்ப நேரம் தேடினார்.

"தெரியுதாப்பா?"

"தெரியலை தாயி. துணி பச்சைன்னு தெரியுது."