மாடிப் போர்ஷன் காலி

2024 ஜூலை 6, சனி

மாடிப் போர்ஷன் காலியாகி இருபது நாள் ஆகிறது. கேட்டில் டு லெட் போர்டு மாட்டியதிலிருந்து போனுக்குக் குறைவில்லை. பாதிப் பேர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். 1900ல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய இடம் இன்று எங்கள் வேலூரில் எத்தனை பேருக்கு வாடகை கட்டுகிறது! சி.எம்.சி. பக்கத்துத் தெருக்களில் லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை எங்கு பார்த்தாலும் வங்காளத்தில் போர்டு. அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் எங்கள் சத்துவாச்சாரி வரைக்கும் வரும்.

இன்று காலை பேசியவர் பேரணாம்பட்டுக்காரர். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலை. மாமியாருக்கு முப்பது தடவை கரண்டு, அதாவது ரேடியேஷன், வைக்க வேண்டுமாம். தினமும் பஸ்ஸில் வந்துபோக அந்த அம்மாவுக்குத் தெம்பில்லை, இரண்டு மாதத்துக்கு வீடு வேண்டும். மரியாதையான பேச்சு. வாடகை சொன்னேன், சரி என்றார். அட்வான்ஸ் சொன்னேன், அதற்கும் சரி. அப்புறம் பேரைக் கேட்டேன். சொன்னார்.

"சொந்தக்காரர் ஒருத்தர் கேட்டிருக்காருங்க, ரெண்டு நாள்ல சொல்றேன்" என்றேன். எந்தச் சொந்தக்காரரும் கேட்கவில்லை. யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தால்கூடப் பரவாயில்லை. தயாராக வாயிலேயே இருந்திருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

மனைவியிடம் சொன்னேன். அவள் கோழிக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள்.

"அவங்க சாப்பாடு வேற மாதிரி. கவுச்சி வாடை வரும்" என்றேன்.

கையில் இருந்த கோழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது என்னா, வாழைத்தண்டா?"

மாட்டுக்கறி சமைப்பார்கள் என்று அடுத்த படிக்கு இறங்கினேன். அதற்கும் பதில் வைத்திருந்தாள். போன வருடம் பர்துவானிலிருந்து வந்த முகர்ஜி குடும்பம் மாடியில் மூன்று மாதம் இருந்தது. காலை, மாலை இரண்டு வேளையும் மீன், அதுவும் கடுகு எண்ணெயில். கொடியில் காய்ந்த என் வேட்டிவரை அந்த வாடை. நான் மூக்கைச் சுளிக்கவில்லை. வங்காளிகளின் மீன் பிரியம் என்று தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"அப்போ எங்க போச்சு உங்க மூக்கு?"

பதில் சொல்லவில்லை. கடைக்குப் போவதாகச் சொல்லி வெளியே போய்விட்டேன்.

ஜூலை 10, புதன்

சிப்பாய் எழுச்சி நாள். வழக்கம்போல் மக்கான் பக்கம் நினைவுத்தூணுக்குப் போனேன். முப்பது வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவனுக்கு, ரிடையர் ஆன பிறகும் கால் தானாகப் போகிறது.

இந்தப் பாடத்தை எத்தனை முறை நடத்தியிருப்பேன். 1805 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களுக்கு உத்தரவு வருகிறது: நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது, கடுக்கனைக் கழற்று, தாடியை மழி, தோல் வைத்துத் தைத்த புதுத் தலைப்பாகையைப் போடு. மறுத்தவர்களில் ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் ஆளுக்குத் தொண்ணூறு கசையடி. 1806 ஜூலை 10 விடிவதற்குள் கோட்டை சிப்பாய்கள் கையில் வந்துவிட்டது. அன்றே ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கினார், அது வேறு கதை. "ஒற்றுமையாகப் போராடினார்கள்" என்று போர்டில் எழுதி அடியில் கோடு போடுவேன்.

இன்று தூணைப் பார்த்தபோது வேறொன்று தோன்றியது. அவனவனுக்கு அவனவன் அடையாளத்தில் அடி விழுந்தது. நாமக்காரன் தாடிக்காகவா கோபப்பட்டான்? அவன் நாமத்துக்காகக் கோபப்பட்டான். ஆனால், தன் நாமம் தனக்கு எப்படியோ அப்படித்தான் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவனுக்கு அவன் தாடி என்று புரிந்துகொள்ள அந்தக் கோபமே போதுமானதாக இருந்திருக்கலாம். நான் பாடத்தில் ஏற்றிச் சொன்ன பாசமெல்லாம் அங்கே இருந்ததா, யார் கண்டது.

அப்படியே கோட்டைக்குள் ஒரு நடை. கோயில், சர்ச், மசூதி மூன்றும் ஒரே மதிலுக்குள் என்பது நாங்கள் வெளியூர்க்காரர்களிடம் விடுகிற பீற்றல். ஜலகண்டேசுவரர் கோயில் மூலவர் இல்லாமல் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்தது. 1981ல் எங்கள் சத்துவாச்சாரியிலிருந்துதான் லிங்கம் போனது. தொல்லியல் துறை ஆட்சேபித்தும் ஊர் கேட்கவில்லை. எனக்கு அப்போது பதினேழு வயது, பெரிய சந்தோஷம். இன்றைக்கும் அது தப்பென்று தோன்றவில்லை. சர்ச்சில் ஞாயிறு ஆராதனை நடக்கிறது. மசூதியில் மட்டும் தொழுகைக்கு அனுமதி கிடையாது. ஒரு தடவை ஒரு பையன் எழுந்து, "சார், மசூதில எப்போ சார் தொழுவாங்க?" என்றான். "அது தொல்லியல் துறை சம்பந்தப்பட்டது" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன். அவன் என்ன நினைத்திருப்பான் என்று இன்றுவரை யோசித்ததில்லை.

ஜூலை 14, ஞாயிறு

வீடு பார்க்க வந்த இரண்டு பேரும் ஒரே வார்த்தைதான்: "புதன்கிழமை ஆடி பொறக்குது சார், ஆவணியில பாக்கலாம்." ஒரு மாத வாடகை போச்சு. பேரணாம்பட்டுக்காரருக்கு ஆடியும் கிடையாது ஆவணியும் கிடையாது. போன் செய்தேன். சொந்தக்காரர் வரவில்லை என்றேன்.

சகிப்புத்தன்மையால் கூப்பிட்டேன் என்று இங்கே எழுதிக்கொள்ள ஆசைதான். வாடகைக்காகக் கூப்பிட்டேன். அந்தச் சொல்லும் எனக்குப் பிடிப்பதில்லை. பல்வலியைச் சகிக்கலாம், பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தைச் சகிக்கலாம். மனுஷனைச் சகிப்பது என்றால் அதில் ஏற்கனவே ஒரு முகச்சுளிப்பு இருக்கிறதே. ஆனாலும் முகம் சுளித்துக்கொண்டாவது சாவியைக் கொடுப்பவன், சிரித்துக்கொண்டே "ரெண்டு நாள்ல சொல்றேன்" என்பவனைவிட மேல். நேற்றுவரை நான் இரண்டாவது ஆள்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. மொகரமும் இன்றுதான். ஒரு தட்டுமுட்டுச் சாமான் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அவர், மனைவி, மாமியார். அந்த அம்மா படியேறும்போது மூன்று இடத்தில் நின்றார்.

காபி கொடுத்தோம். அம்மா குடித்தார். மருமகன் வேண்டாம் என்றார், மகளும் வேண்டாம் என்றாள். எனக்கு உடனே உள்ளே ஒன்று முறுக்கியது: நம் வீட்டில் வாய் நனைக்க மாட்டார்களோ? கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே சொன்னார், "ரெண்டு பேரும் நோன்புங்க. எனக்குத்தான் மாத்திரை போடணும்." மொகரம் பத்தாம் நாள் நோன்பு வைப்பார்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

ஜூலை 28, ஞாயிறு

எங்கள் தெரு மாரியம்மனுக்குக் கூழ் வார்த்தோம். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. மாடிக்கும் ஒரு தூக்கு கொடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன், ஏதோ பெரிய மனசுக்காரன் மாதிரி. அந்தப் பெண் இறங்கி வந்து புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சாமிக்குப் படைச்சத நாங்க சாப்பிடறதில்ல."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் அம்மனுக்கு வைத்தது இவர்களுக்கு ஆகாதா? மனைவி அடுப்பிலிருந்து திரும்பக்கூட இல்லை. "படைக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுட்டேன், அந்த எவர்சில்வர் தூக்கு உன்னோடது" என்றாள். கஸ்பாவில் பிறந்து வளர்ந்தவள். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பாய் வீடு. இதெல்லாம் அவளுக்குச் சின்ன வயசிலேயே பழகிய கணக்கு.

ராத்திரி படுத்த பிறகும் அது உறுத்தியது. பழைய சகாசிரியர் ஒருவர் வருடா வருடம் பக்ரீத்துக்குக் கறி கொடுத்தனுப்புவார். ஆட்டுக்கறிதான், அதையும் அவர் சொல்லித்தான் அனுப்புவார். நான் வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லி, தெருமுனையில் அயர்ன் கடைக்காரரிடம் தள்ளிவிடுவேன். இருபது வருடம். ருசி எப்படி என்று கேட்டால், பிரமாதம். அந்தப் பெண்ணோ முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத் தூக்கை வாங்கிக்கொண்டு போனாள். அம்மா இரண்டு டம்ளர் கூழ் குடித்தாராம். இந்த ஒரு வாரத்தில் வயிற்றில் தங்கியது அதுதானாம்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மூன்றாவது ஆடி வெள்ளி. காலை நாலரைக்கே கோயில் குழாய் ஸ்பீக்கர் பாட ஆரம்பித்தது. மாடியில் விடிகாலைத் தொழுகைக்குப் போனில் அடிக்கிற பாங்கு எனக்கு ஒரு வாரம் எரிச்சலாக இருந்தது. ஒரு தலையணையைக் காதில் வைத்தால் போதும் அதற்கு. கோயில் ஸ்பீக்கருக்கு மெத்தையைத் தூக்கி வைத்தாலும் போதாது. அறுபது வருடமாக அது எனக்குச் சத்தமாகவே பட்டதில்லை.

அம்மாவுக்கு இருபதாவது கரண்டு ஓடிக்கொண்டிருக்கும் நேரம் இது, தொண்டையெல்லாம் புண். ராத்திரி மூன்று மணிக்குத்தான் கண்ணசருகிறாராம். இதை மாடியிலிருந்து யாரும் வந்து சொல்லவில்லை. தண்ணி மோட்டார் போடப்போன மனைவி கேட்டு வந்தாள்.

சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். பந்தல் கட்டிக்கொண்டிருந்த பையன்களில் நாலு பேர் என்னிடம் படித்தவர்கள்.

"தம்பி, அந்தக் குழாயைக் கொஞ்சம் ரோட்டுப் பக்கம் திருப்பி வைங்கப்பா. சத்தத்தையும் கொஞ்சம் குறைங்க."

ஒருவன் ஏணி மேல் இருந்தபடியே கேட்டான், "யாருக்கு சார்? மேல பாய் வீட்டுக்கா?"

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"எனக்குத்தாம்பா, பிரஷர்" என்றேன்.

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்று உடனே ஏணியை நகர்த்திக் குழாயைத் திருப்பிவிட்டான். வீட்டுக்கு வந்து இதை எழுதுகிற வரைக்கும் மாடியில் சத்தமில்லை, தூங்குகிறார் போல. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.