ப்ளாங்க் தட்டு

வேற்றுக்கிரக உயிர் தேடும் துறையில் வேலை என்றால் கேட்பவர்களின் கண்கள் விரியும். உண்மையில் நான் அதிகம் செய்வது பாத்திரம் கழுவுவதும் காத்திருப்பதும்தான். கடுமையான இடங்களில் உயிர் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்க, உப்புக் குட்டை நீரை அகர் தட்டில் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ்த் தட்டு) தடவி, இன்குபேட்டரில் வைத்துவிட்டு நாள் எண்ண வேண்டும்.

சேர்ந்த புதிதில், 10 சதவீத உப்பு கலந்த தட்டில் மூன்றாம் நாளே வெள்ளையாக நாலைந்து புள்ளிகள் முளைத்தன. அதி உப்பில் வாழும் ஆர்க்கியாக்கள் (பாக்டீரியா போலத் தோன்றும் வேறொரு வகை நுண்ணுயிர்கள்) பொதுவாகச் செந்நிறம், சோம்பலாகத்தான் வளரும். உப்பளங்கள் ரோஸ் நிறமாவதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. இவை வேறு மாதிரி இருந்ததால், புதிய இனம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மூத்த ஆய்வாளர் தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “ப்ளாங்க் எங்கேப்பா?”

மாதிரி நீருக்குப் பதில், கிருமி நீக்கிய வெறும் நீர் தடவிய தட்டுதான் ப்ளாங்க். ஒரு தட்டு மிச்சம் என்று வைக்காமல் விட்டிருந்தேன். டிஎன்ஏ வரிசை வந்தது: ஸ்டாபிலோகாக்கஸ். மனிதத் தோலில் குடியிருப்பது, வியர்வை உப்புக்குப் பழகியது. அநேகமாக என் விரல்.

அந்த வெட்கம் தணிய நாளானது. 2007-இல் செவ்வாய்க்குப் போன ஃபீனிக்ஸ் கலம் தயாரான தூய்மை அறையிலேயே ஒரு பாக்டீரியா அகப்பட்டது என்று படித்தபோதுதான் கொஞ்சம் ஆறுதல். சத்து ஏதும் இல்லாத அந்த அறைத் தரையில் தாக்குப்பிடித்த அதற்கு டெர்சிகாக்கஸ் ஃபீனிசிஸ் என்று பெயர். கடல் தாண்டி, ஃபிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத் தூய்மை அறையிலும் அதே இனம் கிடைத்தது. நாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதே அதற்கு வசதியாகப் போனது. போட்டிக்கு வேறு யாரும் மிஞ்சவில்லையே!

சுட்டு எடுத்தால் போயிற்று என்பார்கள். 1970-களில் வைக்கிங் தரையிறங்கிகளை 110 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் அப்படித்தான் சூடாக்கினார்கள். அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் எங்கள் ஆட்டோகிளேவ் 121 டிகிரியில் ஓடுகிறது. ஆழ்கடல் வெந்நீர் ஊற்றில் எடுத்த ஓர் ஆர்க்கியா அதே 121-இல் பெருகுவதை 2003-இல் காட்டினார்கள். அதற்குப் பெயரே ‘ஸ்ட்ரெய்ன் 121’. நம் அறை வெப்பத்தில் அது வளராது என்பதால் எங்கள் தட்டுகளுக்கு ஆபத்தில்லை. ஆனாலும் ஆட்டோகிளேவ் மூடியைத் திறக்கும்போதெல்லாம் அதன் நினைப்பு வந்துவிடுகிறது.

செவ்வாயிலோ சனியின் நிலவான என்செலடஸின் நீர்ப்பீச்சிலோ ஏதோ கிடைத்தது என்று செய்தி வந்தால் நண்பர்கள் உடனே எனக்கு அனுப்புவார்கள். நான் முதலில் தேடுவது, ப்ளாங்கில் என்ன வந்தது என்பதைத்தான். அந்த வரி செய்தியில் இருப்பதே இல்லை.

இப்போதெல்லாம் ப்ளாங்க் தட்டில் தேதி எழுதிய பிறகே மாதிரிக் குழாயைத் திறக்கிறேன். போன வாரம் அந்தத் தட்டிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. சரி, மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.