ஒரு முடிச்சு தெரிந்தால் போதும்: எம்பிராய்டரி நூலில் பிரண்ட்ஷிப் பேண்ட்

ஆகஸ்ட் முதல் ஞாயிறு நெருங்கிவிட்டால் ஃபேன்சி ஸ்டோர் வாசலெல்லாம் பிரண்ட்ஷிப் பேண்ட் கொத்துக் கொத்தாகத் தொங்கும். வாங்கிக் கட்டுவதில் தப்பே இல்லை. ஆனால் மூன்று கண்டு எம்பிராய்டரி நூலும் ஓர் ஊக்கும் இருந்தால் அதைவிட அழகான ஒன்றை வீட்டிலேயே முடிந்துவிடலாம், நான்கு பேருக்குக் கொடுக்கவும் நூல் போதும். ஒரு கண்டு 8 மீட்டர், ஒரு பட்டைக்கு ஒவ்வொரு நிறத்திலும் ஒரு மீட்டர் நீளத்தில் இரண்டு இழை என்று வைத்தால் கணக்கு சரியாக வரும்.

நூல் வாங்கும்போது மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். வளையலுக்குச் சுற்றும் சில்க் த்ரெட் பளபளப்பாகத் தெரியும், ஆனால் வழுக்கும், முடிச்சு நிற்காது. பருத்தி நூல்தான் வேண்டும், அதுவும் சாயம் போகாதது, ஏனென்றால் இதைக் கட்டினால் குளிக்கும்போதும் யாரும் கழற்றப் போவதில்லை. கடையில் ஆங்கர் நூல் என்று கேட்டால் ஆறு புரி சேர்ந்த கண்டாக எடுத்துத் தருவார்கள். புரியைப் பிரிக்க வேண்டாம், ஆறையும் சேர்த்தே ஓர் இழையாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த நூலின் மினுமினுப்புக்குக் காரணம் மெர்சரைசிங். பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்தால் சாயம் நன்றாகப் பிடிக்கிறது என்று ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 1844-இல் கண்டுபிடித்தார், நனைக்கும்போது இழுத்துப் பிடித்தால் பளபளப்பும் வரும் என்பது பிறகு தெரிந்தது. இங்கே ஆங்கரை விற்கிற மதுரா கோட்ஸுக்கு நம் ஊர்க் கதையும் உண்டு. 1908-இல் வ.உ.சி. முன்னின்று நடத்திய தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம் ஞாபகம் இருக்கிறதல்லவா, அந்த மில்லை நடத்திய ஹார்வி கம்பெனியின் வழியில் வந்ததுதான் இது. பிள்ளைகளுக்கு நூல் வெட்டிக் கொடுக்கும்போது இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

சரி, முடிச்சுக்கு வருவோம். இழைகளைச் சேர்த்துத் தலைப்பில் ஒரு முடிச்சுப் போட்டு, ஊக்கால் தலையணையில் குத்திக்கொள்ளுங்கள். இடது ஓரத்து இழையை அடுத்த இழையின் மேல் '4' என்று எழுதியதுபோல் போட்டு, நுனியை அந்த இழைக்கு அடியில் நுழைத்து, 4-இன் வயிற்றில் இருக்கும் இடைவெளி வழியாக மேலே எடுத்து, அடுத்த இழையை விறைப்பாகப் பிடித்துக்கொண்டே, சுற்றியதை உச்சிவரை ஏற்றி இறுக்க வேண்டும். அதே இழையில் அதையே இன்னொரு தடவை. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு முடிச்சு. அப்புறம் மூன்றாவது இழை, நான்காவது, இப்படியே வலது ஓரம் வரை போனால் சாய்வாக ஒரு கோடு விழும். இப்போது இடது ஓரத்தில் வேறு இழை வந்திருக்கும், அதை எடுத்துத் தொடங்க வேண்டியதுதான். மேக்ரமே தொங்கல்களில் பார்க்கிற முடிச்சும் இதேதான், அங்கே கயிறு, இங்கே நூல்.

என் அக்கா மகள் பழகும்போது சிவப்புக் கோட்டின் நடுவே மஞ்சள் புள்ளிகள் எட்டிப் பார்த்தன. "சித்தி, நான் சிவப்பைத்தானே சுத்தினேன்?" என்று கேட்டாள். அவள் சுற்றியது சிவப்பைத்தான். ஆனால் இறுக்கும்போது மஞ்சளைத் தளரவிட்டுச் சிவப்பை நேராக இழுத்தால் முடிச்சு அப்படியே புரண்டுவிடும், சிவப்பு நடுவில் கம்பிபோல் நிற்க, மஞ்சள் அதைச் சுற்றிக்கொள்ளும். விறைப்பாக நிற்கிற இழை மறையும், சுற்றுகிற இழையின் நிறம்தான் தெரியும். இந்த ஒன்று விரலுக்குப் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். டிசைன் கஷ்டம் என்று பாதியில் போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர், உண்மையில் அவர்களுக்குச் சிக்கல் டிசைனில் இல்லை, இழையைப் பிடிக்கிற பிடியில்தான்.

எல்லா முடிச்சும் ஒரே பக்கம் போவதால் சாய்கோட்டுப் பட்டை கொஞ்சம் சுருளும். ஈரத்துணி போட்டு அயர்ன் பண்ணினால் படிந்துவிடும். அம்புமுனை டிசைனுக்கு நிறங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருபுறமும் ஒரே வரிசையில் அடுக்கி, இடப் பாதியில் வலப்பக்கமாகவும் வலப் பாதியில் '4'-ஐத் திருப்பிப் போட்டு இடப்பக்கமாகவும் முடிந்து, நடுவில் சந்திக்கிற இரண்டையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது பெயர் எழுதுவது. இதில் பின்னணி நிறத்து நூல் ஒன்றுதான் இப்படியும் அப்படியுமாக நடந்து எல்லா இழைமேலும் முடிச்சுப் போடும், எழுத்து வர வேண்டிய கட்டத்தில் மட்டும் அடியில் இருக்கும் இழையே அதன்மேல் முடிச்சுப் போடும். அதனால் அந்த நடக்கிற நூல் மளமளவென்று கரையும், அதைக் கண்டோடு வைத்துக்கொண்டு தொடங்குவதே நல்லது. எத்தனை இழை இருக்கிறதோ அத்தனை கட்டம்தான் எழுத்தின் உயரம். ஆங்கில எழுத்துகளுக்கு வரைந்துவைத்த கட்டங்கள் எங்கேயும் கிடைக்கும். தமிழுக்குக் கணக்கு நோட்டை எடுத்து நாமே வரைவதுதான் சுகம். ப, ட எல்லாம் நேர்க்கோடு, நமக்காகவே செய்த மாதிரி உட்காரும். ண-வின் சுழிகளுக்கு அகலம் வேண்டும், ழ கீழே இறங்குவதால் உயரம் வேண்டும், புள்ளி வைக்க எழுத்துக்கு மேலே இடம் விட்டாக வேண்டும். அதனால் இழைகளைக் கூட்டித்தான் தொடங்க வேண்டும், பட்டையும் அகலமாகிவிடும். ஆகட்டுமே, தோழியின் கையில் அவள் பெயர் தமிழில் இருப்பதற்கு அந்த அகலம் தகும்.

மணிக்கட்டைச் சுற்றி வருகிற அளவு முடிந்ததும் மிச்ச நூலை மூன்று காலாகப் பின்னி நுனியில் முடிச்சுப் போடுங்கள். கட்டும்போது ஒரு விரல் நுழைகிற இடம் விட்டே கட்டுங்கள், பருத்தி நனைந்தால் இறுகும். நுனியை ஒட்ட வெட்டிவிடாதீர்கள், அவிழ்ந்தால் திரும்பக் கட்ட அது வேண்டும்.